ராமநாதபுரம் கரைக்கு எந்த பாரோமீட்டர், எந்த வரைபடம்?

மண்டபம், கீழக்கரை, தொண்டி, மூக்கையூர் என்று இந்தக் கரையில் எங்கேயாவது ஒரு படகு உரிமையாளர் சங்கமோ பள்ளியோ காற்றழுத்தத்தைச் சொந்தமாக அளக்க முடிவெடுத்தால், கைக்கு எட்டும் வழிகள் மூன்று. முள் சுற்றும் அனிராய்டு பாரோமீட்டர், பையில் ஏற்கெனவே இருக்கும் செல்போன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் சென்சார். எதை எடுப்பது என்பதை விலை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறிப்போகும். இந்தக் கரையில் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு எந்தக் கருவி அதற்குத் தோதானது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

ராமேஸ்வரம் இருப்பது ஏறக்குறைய 9.3 பாகை வட அட்சத்தில். இவ்வளவு தெற்கே, வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும் நாளிலும் அழுத்தம் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. இரவு 10 மணி வாக்கில் மறுபடி ஏற்றம், விடியற்காலை 4 மணி வாக்கில் மறுபடி இறக்கம். வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையில் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை வித்தியாசம் வரும். (ஹெக்டோபாஸ்கலும் பழைய மில்லிபாரும் ஒன்றேதான், எண்ணை மாற்ற வேண்டியதில்லை.) காலையில் 1011 காட்டிய கருவி மாலையில் 1007.5 காட்டுகிறதே என்று பதறி வலையைச் சுருட்டினால், வருஷம் முழுக்கச் சுருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்பதை. நேற்று மாலை 5.30, இன்று மாலை 5.30. இந்த 24 மணி நேர வித்தியாசத்தில் தினசரி அலை கழிந்துபோகும். மிச்சம் இருப்பதுதான் வானிலை. வெப்பமண்டலக் கடலோடிகளின் பழைய விதியும் இதையொட்டியதே. தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகு, அந்தப் பருவத்துக்கு வழக்கமான அளவைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் உஷாராக வேண்டும். 5 குறைந்தால் பக்கத்தில் புயல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதியைக் கடைப்பிடிக்கக் கருவிக்கு மூன்று தகுதி வேண்டும்: அரை ஹெக்டோபாஸ்கல் மாற்றத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும், மணிக்கணக்கில் பதிவு இருக்க வேண்டும், உப்புக்காற்றைத் தாங்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் இரண்டாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

பாதரசம் வேண்டாம்

யாராவது கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லிவிடுவோம். 1643-ல் டோரிசெல்லி தொடங்கிவைத்த பாதரசக் குழாய் மிக நேர்மையான கருவி. ஆனால் வாசித்த எண்ணை அப்படியே எழுத முடியாது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பாதரசம் விரிந்திருப்பதால் சுமார் 5 ஹெக்டோபாஸ்கல் கழிக்க வேண்டும். நம் அட்சத்தில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பதால் இன்னும் 2.6 கழிக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் ஒரு புயலையே மறைக்கும் அளவுக்குப் பிழை வரும். தவிர, பாதரசம் நஞ்சு. 2013-ல் உருவான மினமாட்டா உடன்படிக்கை இந்தக் கருவிகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் நிறுத்தச் சொல்கிறது. பழைய பள்ளி ஆய்வகத்தில் ஒன்று இருந்தால் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

அனிராய்டு: மின்சாரம் போனாலும் பேசும்

1844-ல் லூசியன் விடி உருவாக்கிய அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த, மடிப்பு மடிப்பான மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று. அது நசுங்கிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் வில். பெட்டியின் நுண்ணிய அசைவைப் பெருக்கும் நெம்புகோல்கள். கடைசியில் ஒரு சின்னச் சங்கிலி முள்ளைச் சுற்றும். கண்ணாடியின் நடுவில் கையால் திருப்பும் இன்னொரு முள் இருக்கும். அதை இன்றைய அளவில் வைத்துவிட்டால் நாளைக்கு ஒப்பிடலாம். வாசிக்கும் முன் கண்ணாடியை விரலால் லேசாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். உராய்வில் நின்றிருக்கும் முள் தன் இடத்துக்கு வந்துவிடும். பலமாகத் தட்டினால் சங்கிலி கழன்றுவிடும்.

முகப்பில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் வானிலைச் சொற்கள் இந்தக் கரையில் ஆபத்தானவை. அவை பிரிட்டன் பக்கத்துக் குளிர்நாட்டு வானிலைக்கு எழுதியவை. பாதரசக் குழாயின் உயரக் கணக்கில் 28 அங்குலத்தில் ‘புயல்’, 29-ல் ‘மழை’, 29.5-ல் ‘மாற்றம்’, 30-ல் ‘நல்ல வானிலை’ என்று இருக்கும். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அழுத்தம் 1004-க்கும் 1015-க்கும் நடுவில், அதாவது 29.65-லிருந்து 29.97 அங்குலத்துக்குள் இருக்கும். முள் எப்போதும் ‘மாற்ற’த்துக்கும் ‘நல்ல வானிலை’க்கும் இடையில் நிற்கும். அடைமழைக்கால ஐப்பசியிலும் அங்கேதான். 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜாவின் மையத்தில் அழுத்தம் 976 வாக்கில் இருந்தது, அது 28.8 அங்குலம். அந்தப் புயலின் நடுவிலேயே கொண்டுபோய் வைத்திருந்தாலும் முள் ‘மழை’ என்ற சொல்லைத்தான் ஒட்டி நின்றிருக்கும். சொற்களின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள்.

வாங்கும்போது ஹெக்டோபாஸ்கலில் ஒவ்வொரு எண்ணுக்கும் கோடு போட்ட முகப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் மட்டும் குறித்த அலங்காரக் கருவிகளில் அரை ஹெக்டோபாஸ்கலைக் கண்ணால் பிரிக்க முடியாது. கருவியின் பின்பக்கம் உள்ள சின்னத் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி முள்ளைச் சரிசெய்யலாம். உப்பு முதலில் தின்பது அந்தச் சங்கிலியையும் முள்ளின் மயிர்ச்சுருளையும்தான். முள் குதித்துக் குதித்து நகர்ந்தால் துரு ஏறிவிட்டது என்று பொருள். வாரம் முழுக்கத் தானே காகிதத்தில் கோடு வரையும் உருளை பாரோகிராஃப் இதன் உறவுக்காரர். அழகான கருவி, ஆனால் தாளுக்கும் மைக்கும் அலைய வேண்டும்.

செல்போன்: இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

2014-ல் வந்த ஐபோன் 6 தொடங்கிப் பெரும்பாலான ஐபோன்களிலும், விலை கூடிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் அழுத்த சென்சார் உண்டு. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இல்லை. சிக்கல் என்னவென்றால், சென்சார் இல்லாத போனிலும் ஆப் ஒரு எண்ணைக் காட்டும். அது இணையத்திலிருந்து எடுத்த கணினி மாடல் கணக்கு. கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, தரையில் வாசித்துவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறுங்கள். நம் வெப்பநிலையில் ஒவ்வொரு 8.7 மீட்டர் உயரத்துக்கும் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மூன்று மாடி ஏறியும் எண் அசையவில்லை என்றால் உள்ளே சென்சார் இல்லை.

சென்சார் இருந்தாலும், கடலில் போனை எல்லோரும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடி வைக்கிறோம். மூடிய உறைக்குள் இருக்கும் காற்று வெயிலில் சூடாகி விரியும்; கையால் பிடித்தாலே அழுத்தம் ஏறும். அப்போது போன் அளப்பது உறைக்குள் இருக்கும் அழுத்தத்தை. வாசிக்கும் நேரம் உறையைத் திறந்து ஒரு நிமிடம் விட்டுத்தான் பார்க்க வேண்டும். படகு அலையில் ஏறி இறங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மீட்டர் எழுச்சிக்கு 0.1-க்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

நாட்டுப்படகுக்கோ வத்தைக்கோ தனியாகக் கருவி வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சென்சார் உள்ள போன் இருந்தால் போதும். ஆனால் போன் வீட்டுக்கும் கடைக்கும் மாடிக்கும் கூடவே அலைகிறது. அதனால் ஒரே இடத்து, ஒரே உயரத்து, 24 மணி நேர ஒப்பீடு அதில் வருவதில்லை. கரையில் நிலையான பதிவுக்கு அது சரிவராது.

டிஜிட்டல் சென்சார்: சங்கத்துக்கும் பள்ளிக்கும் இதுவே

பிஎம்பி280 என்ற பாஷ் நிறுவன சென்சார் நகம் அளவுகூட இருக்காது. 300 முதல் 1100 ஹெக்டோபாஸ்கல் வரை அளக்கும். சிறு மாற்றத்தை அளப்பதில் துல்லியம் 0.12, ஆனால் முழு எண்ணில் 1 ஹெக்டோபாஸ்கல் வரை பிழை இருக்கலாம், ஓராண்டில் இன்னும் 1 நகரவும் கூடும். நமக்கு வேண்டியது மாற்றம் என்பதால் முதல் எண் மிக நல்ல செய்தி. இரண்டாவது பிழையைச் சரிபார்த்துக் கழித்துவிடலாம். பிஎம்இ280 என்பது ஈரப்பதமும் அளக்கும் தம்பி. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பது வாடிக்கை. புரோகிராமில் சிப்பின் அடையாள எண்ணைக் கேட்டால், பதினாறடிமான எண்ணில் 58 வந்தால் பிஎம்பி, 60 வந்தால் பிஎம்இ.

இதை இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்றோடு 3.3 வோல்ட்டில் இணைத்து, நேரம் தவறாத ஒரு கடிகார சிப்பும் மெமரி கார்டும் சேர்த்தால் பதிவுக் கருவி தயார். நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு உறங்கச் சொல்லுங்கள். ஓயாமல் அளந்தால் சிப் தானே சூடாகி எண் நகரும். பத்து நிமிட சராசரியைப் பதியுங்கள். சால்டர் வைத்த சூட்டில் புதிய சென்சார் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் விலகி நிற்பதுண்டு. சில நாள் ஓடவிட்ட பிறகுதான் சரிபார்ப்பைத் தொடங்க வேண்டும்.

சென்சாரின் உலோக மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அழுத்தம் உள்ளே போகும் வழி அதுதான். துருப் பிடிக்காமலிருக்க போர்டுக்கு வார்னிஷ் பூசும்போது அந்தத் துளையை அடைத்துவிட்டால் சென்சார் செத்த மாதிரிதான். பெட்டியை இறுக்கி மூடி சீல் வைப்பதும் கூடாது. அடிப்பக்கம் 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை விட்டு, உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டி, நீர் ஏறாதபடி நிழலில் மாட்டுங்கள்.

மாட்டும் இடம் கருவியைவிட முக்கியம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓங்கி அடிக்கும்போது மண்டபம் பக்கம் திறந்த ஜன்னலுக்கு நேரே வைத்த கருவி காற்றின் மோதலையும் சேர்த்து அளக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்று நேராக மோதினால் 0.6 ஹெக்டோபாஸ்கல் கூடும். 20 மீட்டர் என்றால் 2.3. காற்று போகும் பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் மாறாகக் குறையும். அனிராய்டுக்கும் இதே கதைதான். உட்சுவர், ஏசி இல்லாத அறை, வெயில் படாத மூலை: இவையே சரியான இடம்.

உயரக் கணக்கில் இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்ற, கருவி இருக்கும் உயரத்தை 0.115-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 6 மீட்டர் என்றால் 0.7. அந்த உயரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்தால், சில ஆப்கள் கடலோரத்தில் நிற்கும்போதே கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே என்று காட்டும். ஆப்பில் கோளாறு எதுவும் இல்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே உள்ள கடலில் ஈர்ப்புமட்டம், அதாவது புவியீர்ப்பின்படி அமையும் கடல்மட்டம், உலகிலேயே மிகத் தாழ்வு, ஜிபிஎஸ் உயரத்தை அளக்கத் தொடங்கும் கணித நீள்வட்டத்தைவிட 106 மீட்டர் வரை கீழே. நம் கரையும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. திருத்தாத அந்த எண்ணைப் போட்டால் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் பிசகும். டேப் எடுத்து, கடல் விளிம்பிலிருந்து மேசை வரை அளப்பதே நம்பகமானது.

சரிபார்ப்பு பாம்பனை வைத்து நடக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பாம்பன் நிலையம் காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் எடுக்கும் கடல்மட்ட அழுத்தத்தை, அதே மணியில் உங்கள் எண்ணோடு வைத்து ஒரு வாரம் எழுதுங்கள். பலத்த காற்று உள்ள நாளையும் தாழ்வுநிலை உள்ள நாளையும் விட்டுவிடுங்கள். வித்தியாசங்களின் சராசரிதான் உங்கள் கருவியின் திருத்தம். நாளுக்கு நாள் அது அரை ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் ஆடினால் பிழை சென்சாரில் இருக்க வாய்ப்பு குறைவு. மாட்டிய இடத்தையோ வாசித்த நேரத்தையோ சந்தேகப்படுங்கள். மூக்கையூர், சாயல்குடி பக்கம் இருப்பவர்கள் தூத்துக்குடியையும் சேர்த்துப் பார்க்கலாம், தொண்டிக்காரர்களுக்குத் தொண்டி நிலையமே இருக்கிறது. மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வரைபடம்: எது எதற்கு

கருவி ஒரு புள்ளியைச் சொல்லும். தாழ்வு எந்தப் பக்கம் என்று வரைபடம்தான் சொல்லும். இங்கேயும் மூன்று வழிகள்: வானிலைத் துறை வரைந்து தரும் சமஅழுத்தக் கோட்டுப் படம் (ஒரே அழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்), செல்போனில் அசையும் மாடல் படம், நாமே பென்சிலில் வரைவது.

வானிலைத் துறையின் படத்தில் கோடுகள் 2 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் வரும். உலக அளவிலான பல படங்கள் 4 இடைவெளியில் போடும். அவற்றில் நம் பக்கம் 1008, 1012 என்ற இரண்டு கோடுகள் தவிர வேறெதுவும் தெரியாமல், வங்கக்கடல் வெறுமையாகக் கிடக்கும். நம் அட்சத்தில் அழுத்தச் சரிவு மென்மையானது. புவிச் சுழற்சியின் விளைவு பலவீனம் என்பதால் சின்னச் சரிவே நல்ல காற்றைக் கிளப்பிவிடும். இதனால்தான் 2 இடைவெளி வேண்டும். ஒரு மூடிய கோடு மட்டும் இருந்தால் தாழ்வுப் பகுதி, இரண்டு மூடிய கோடு வந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று படத்திலேயே படிக்கவும் முடியும்.

மாடல் படம் அடுத்த இரண்டு, மூன்று நாளைக்கு நல்லது. ஐரோப்பிய மையத்தின் மாடலும் அமெரிக்க மாடலும் ஒரே இடத்தில் தாழ்வைக் காட்டினால் நம்பிக்கை கூடும்; ஒன்று டெல்டா, ஒன்று யாழ்ப்பாணம் என்று பிரிந்தால் மையத்தின் இடத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாடலை நம் கருவியால் சோதிக்கவும் செய்யலாம். இன்றைய 5.30-க்கு அது சொன்ன அழுத்தத்தைவிட நம் எண் 2 குறைவாக இருந்தால், தாழ்வு மாடல் நினைத்ததைவிட ஆழம் அல்லது பக்கம்.

கையால் வரைவது மற்ற நாளில் தேவையில்லை. இலங்கைக்கும் நமக்கும் நடுவில் ஏதாவது உட்கார்ந்துகொள்ளும் நாளில் அதற்கு ஈடில்லை. 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, நம் கரையோரம் நகராமல் நின்று வலுவிழந்தது. அந்த மாதிரி நேரத்துக்குத்தான் இது. வெற்று வரைபடத்தில் பாம்பன், தொண்டி, நாகப்பட்டினம், தூத்துக்குடி, மதுரை, மறுகரையில் மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம், திருகோணமலை ஆகியவற்றின் ஒரே மணி எண்களைப் புள்ளிக்கு வலது மேல்மூலையில் எழுதுங்கள். 1008.4 என்றால் 084 என்று மூன்று இலக்கம் போதும். கொடைக்கானலைச் சேர்க்காதீர்கள், 2,300 மீட்டருக்கு மேலே இருக்கும் எண்ணைக் கடல்மட்டத்துக்கு இறக்கினால் கற்பனை எண்தான் கிடைக்கும். பிறகு 1006, 1008, 1010 கோடுகளைப் புள்ளிகளுக்கு நடுவே விகிதப்படி, மெதுவாக வரையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது, கடலில் திடீரென்று முடியாது. ஒரு எண்ணுக்காகக் கோடு முழங்கை மாதிரி மடங்கினால் அந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள். 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள இரண்டு நிலையங்களுக்கு நடுவே 2 ஹெக்டோபாஸ்கல்தான் வித்தியாசம் என்றால், 1 ஹெக்டோபாஸ்கல் பிழை கோட்டையே 150 கிலோமீட்டர் நகர்த்திவிடும். முன்னே சொன்ன சரிபார்ப்புக்கு அவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். 1857-ல் பைஸ் பாலட் சொன்ன விதிப்படி, காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் வட கோளத்தில் தாழ்வு இடது கைப்பக்கம். நம் அட்சத்தில் காற்று கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தாழ்வை நோக்கிச் சாய்வது அதிகம் என்பதால் இடதும் சற்று முன்னும் என்று கொள்ள வேண்டும். வாடைக் காற்று வலுத்து, எண்ணும் இறங்கினால் தாழ்வு கிழக்கே, மன்னார் பக்கம். பாம்பன் தீவில் கடல்காற்று அடிக்கும் பிற்பகலில் இந்த விதி ஏமாற்றும். விடிகாலைக் காற்றை வைத்துப் பாருங்கள்.

எனவே, சங்கத்துக்கு: சென்சார் பதிவுக் கருவி ஒன்று, புயலில் கரண்ட் போகும் என்பதால் பக்கத்தில் ஒரு அனிராய்டு, முடிவுக்கு வானிலைத் துறைப் படம். பள்ளிக்கு அனிராய்டும் பென்சிலும் முதலில், சென்சார் பிறகு. இழுவலைப் படகுக்கு விருப்பமிருந்தால் ஒரு அனிராய்டு, நாட்டுப்படகுக்குப் போன்.

இவற்றில் எதுவும் எல்லா ஆபத்தையும் காட்டிவிடாது. 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மாதிரியான மேகக்கூட்ட மழை சின்ன இடத்தில் எழுவது. சமஅழுத்தக் கோட்டில் அதற்கு அடையாளம் இருக்காது, அதற்கு ரேடார்தான். சூறைக்காற்று வரும்போது அழுத்தம் சட்டென்று ஏறவும் செய்யும். எண் ஏறுகிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தாலோ கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன் நிறுத்தப்பட்டிருந்தாலோ, மேசை மேல் கருவி என்ன காட்டினாலும் படகு கரையில்தான்.

கருவி தரும் எண்ணை வாட்ஸ்அப்பில் பகிரும்போது இடம், மணி, கடல்மட்ட அழுத்தம், நேற்று இதே மணியோடு வித்தியாசம், காற்றுத் திசை ஐந்தும் இருக்க வேண்டும். “தொண்டி, மாலை 5.30, 1004.6, நேற்றைவிட 3.1 குறைவு, வாடை” என்று வந்தால் ஏர்வாடியில் இருப்பவரும் அதைத் தன் படத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்வார்.